அடைக்கலப் பொருள்

தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கு வெட்டிய ஒரு குளத்தை, மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினருக்கும் பிறருக்கும் அடைக்கலமாக விட்ட செய்தியை அது கூறுகிறது. வெட்டுவது ஒருவர் செயல். காப்பது பலர் பணி என்பதை அன்றே நம்மவர் அறிந்திருந்தனர். இன்று அக்கல்லைக் காப்பது தாய்லாந்து.

ஒரு நாட்டின் மரபுச் செல்வம் மற்றொரு நாட்டில் இருந்தால் யார் பொறுப்பு? 1967இல் ஐந்து நாடுகள் தொடங்கிய ஆசியான் கூட்டமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. 2000 ஜூலை 25 அன்று, அப்போதைய பத்து உறுப்பு நாடுகளும் பாங்காக்கில் பண்பாட்டு மரபுப் பிரகடனம் செய்தன. களவுபோன கலைப்பொருள் உரியவரிடம் திரும்ப ஒத்துழைப்பது அதில் ஒன்று. சிலை எல்லை கடந்துவிட்டால் ஒரு நாடு தனித்து மீட்பது கடினமன்றோ? கட்டடங்கள் மட்டுமன்றி, சுவடிகளும் வாய்மொழி மரபும் காக்கத்தக்கவை என்கிறது அப்பிரகடனம்.

அன்பர்களே, நாமும் ஊர்விட்டு வந்தவர்களே. பாட்டியின் தாலாட்டும் ஒப்பாரியும் ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் அவரோடு மறைந்துவிடும். சங்கத்தில் கூடுவோம், எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைப்போம். ஒவ்வொரு வீட்டுச் செல்வமும் நம் அனைவருக்கும் அடைக்கலம்.