லக்னோ குர்தாவுக்கு ஆர்டர் கொடுப்பது எப்படி?

உத்தரப் பிரதேசத்தின் தலைநகரம் லக்னோ. கோமதி ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே சௌக் என்று ஒரு பழைய கடைத்தெரு உண்டு. அந்தத் தெருவில் 'சிக்கன்' பெயர் போனது. கோழிக்கறி என்று நினைத்துவிடாதீர்கள்! சிக்கன் என்பது லக்னோவின் கைத்தையல் பூவேலை. மெல்லிய வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூவும் கொடியும் தைப்பது பழைய வழக்கம். இப்போது பல நிறங்களிலும் வருகிறது. 2008-ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தைத்து வைத்திருக்கும் உடுப்பை வாங்கலாம். நம் அளவுக்கு, நமக்குப் பிடித்த பூவோடு செய்துதரச் சொல்லியும் வாங்கலாம். செய்யச் சொல்லி வாங்குவதானால் சில விவரங்களை எழுதி வாங்க வேண்டும்.

துணி போகும் வழி

முதலில் துணி தையல்காரரிடம் போகும். பெரும்பாலும் பூவேலைக்கு முன்பே துணியை வெட்டிவிடுவார்கள். அடுத்து அச்சுக்காரர். மரக்கட்டை அச்சை நீலச் சாயத்தில் தோய்த்து, துணியில் பூவின் கோடுகளைப் பதிப்பார். துவைத்தால் போய்விடும் சாயம் அது.

பிறகு துணி பெண்களிடம் போகும். லக்னோ நகரத்திலும், காகோரி, மலிஹாபாத் போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் பெண்கள் வீட்டில் இருந்தே தைக்கிறார்கள். ஒரே குர்தா இரண்டு மூன்று பேர் கைக்கும் போகலாம். அரிசி மணி போன்ற தையலுக்கு முர்ரி என்று பெயர். சின்ன உருண்டை முடிச்சு ஃபந்தா. துணியின் இழைகளை ஊசியால் விலக்கிக் கட்டி, வலை போலச் செய்வது ஜாலி. இவையெல்லாம் எல்லோருக்கும் கைவராது.

கடைசியில் சலவைக்காரர் துவைப்பார். நீலக் கோடு மறையும். பூ மட்டும் நிற்கும்.

துணியை முதலிலேயே வெட்டிவிடுகிறார்கள், பார்த்தீர்களா? அளவு தவறினால் பிறகு பிரித்துத் தைப்பது கடினம். பூவும் சேர்ந்து வீணாகும்.

கடையில் ஒரு பேச்சு

மகள் கல்யாணத்துக்கு ஒரு தாய் குர்தா ஆர்டர் கொடுக்கிறார். லக்னோவில் கடைக்காரரைப் 'பையா' என்பார்கள். அண்ணா என்று பொருள். அவரோ 'பஹன்ஜி' என்பார். அதாவது அக்கா. கடைக்காரர் ஒரு சீட்டைக் கொடுத்தார். தாய் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'குர்தா 1. விலை 4,200. முன்பணம் 1,500.' அவ்வளவுதான் இருந்தது.

"பையா, அளவு எங்கே? தேதி எங்கே?"

"எல்லாம் என் மனசில் இருக்கிறது, பஹன்ஜி. முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன்."

"சரி பையா. மனசில் இருப்பதைச் சீட்டிலும் எழுதிவிடுங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருந்தால் உங்கள் பையன் எடுத்துக் கொடுக்க வேண்டாமா?"

கடைக்காரர் சிரித்தார். வேறு சீட்டு எடுத்து எழுதினார்.

ஆர்டர் தேதி: ஜூன் 10
உடுப்பு: குர்தா 1
துணி: மல்மல் பருத்தி, வெள்ளை
நூல்: வெள்ளை
வேலை: கைவேலை. பக்கியா, முர்ரி. கழுத்திலும் கையிலும் ஜாலி
அச்சு: மாங்காய், கொடி (மாதிரி எண் 14)
தைத்துத் துவைத்த பின் அளவு: மார்பு 40 அங்குலம், தோள் 15, கை 17, நீளம் 42
விலை: 4,200 ரூபாய் (தையல், சலவை உட்பட)
முன்பணம்: 1,500 ரூபாய்
கொடுக்கும் தேதி: ஆகஸ்ட் 20

கல்யாணம் செப்டம்பர் 5. திருத்தம் ஏதாவது இருந்தால் செய்ய அவகாசம் வேண்டும். அதனால்தான் தாய் ஆகஸ்ட் 20 என்று எழுதச் சொன்னார்.

'தைத்துத் துவைத்த பின் அளவு' என்ற வரியைப் பாருங்கள். உடம்பின் அளவு வேறு. உடுப்பின் அளவு வேறு. மார்பு 36 அங்குலம் இருப்பவருக்கு உடுப்பும் 36 இருந்தால் மூச்சு முட்டும். பருத்தி துவைத்தால் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். வெறுமனே '40' என்று எழுதினால் அது எந்த அளவு? நாம் ஒன்று நினைப்போம், தையல்காரர் ஒன்று நினைப்பார். நன்றாகப் பொருந்தும் பழைய குர்தா ஒன்றைக் கொண்டுபோய் அளக்கச் சொல்வது இன்னும் நல்லது.

துணியையும் வேலையையும் பொருத்திக் கேளுங்கள். பக்கியா தையலை லக்னோவில் துணியின் பின்பக்கத்தில் போடுவார்கள். முன்பக்கம் நிழல் போலத் தெரியும். மெல்லிய துணியில்தான் இந்த அழகு. தடித்த துணியில் கூலி கொடுத்தும் நிழல் தெரியாது.

'கைவேலை' என்ற சொல் சீட்டில் கட்டாயம் இருக்கட்டும். இயந்திரப் பூவேலையும் விற்கிறது. விலை குறைவு. வாங்குவதில் தவறில்லை. ஆனால் கைவேலை விலைக்கு வாங்கக் கூடாது. உடுப்பைத் திருப்பிப் பாருங்கள். கைவேலையில் பின்பக்கம் முடிச்சு, நூல் முனை தெரியும். தையல்கள் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். இயந்திர வேலை எல்லா இடத்திலும் ஒரே அச்சாக இருக்கும்.

தைக்கும் பெண்ணின் நோட்டு

நாம் கொடுக்கும் 4,200 ரூபாயில் தைத்த பெண்ணுக்குப் போவது சிறு பங்குதான். கடைக்கும் அவருக்கும் இடையே தரகர் இருப்பார். கூலி நாள் கணக்கு இல்லை, உருப்படிக் கணக்கு. கறை பட்டது, தாமதம் ஆனது என்று கூலியைப் பிடிப்பதும் உண்டு. மாங்காய் என்று யாரும் எழுதாமல், வேறு பூ அச்சாகி வந்தால் குற்றம் யாருடையது? தைத்தவர் குற்றம் இல்லை. ஆனாலும் கூலி அவருக்கு நின்றுபோகலாம்.

ஆகவே அவருக்கும் எழுத்து வேண்டும். துணி வந்த தேதி, உருப்படி எத்தனை, பேசிய கூலி, திருப்பிக் கொடுத்த தேதி. நான்கையும் ஒரு நோட்டில் எழுதித் தரகரிடம் கையெழுத்து வாங்கினால், பிறகு 'அப்படிப் பேசவில்லையே' என்று சொல்வது கடினம். லக்னோவில் 1984-இல் தொடங்கிய சேவா அமைப்பு போன்றவை தரகர் இல்லாமலே பெண்களுக்கு வேலை கொடுக்கின்றன.

வாங்குபவரும் அவசரப்படுத்தக் கூடாது. பத்து நாளில் வேண்டும் என்றால் அந்தப் பெண் இரவு விளக்கில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தைக்க வேண்டியிருக்கும். கண் என்ன ஆகும்?

ஆர்டர் தவறினால்

முதலில் சீட்டைக் காட்டிக் கடையில் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். சீட்டின் நகல் ஒன்றை வைத்திருங்கள்.

பயிற்சி

1. உடுப்பு வாங்கும் நாளில் தாய் எத்தனை ரூபாய் கொடுக்க வேண்டும்?
2. ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து ஆகஸ்ட் 20 வரை எத்தனை நாள்?
3. சீட்டில் அச்சின் மாதிரி எண் ஏன் எழுதப்பட்டது?
4. உங்கள் வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையை அல்லது ரவிக்கையை அளந்து, அதற்கு ஓர் ஆர்டர் சீட்டு எழுதுங்கள்.