புயல் திசைமாற்றும் பறவைகள்: கல்லங்குறிச்சியிலிருந்து தேடக் கிளம்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என்ன பார்க்கப் போகிறோம்?

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியிலிருந்து கடல் நேர்கோட்டில் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர். கரைப் பக்கமே அதிகம் வராத ஆழ்கடல் பறவை நம் ஏரியில் இறங்க வாய்ப்பு உண்டா? புயல் மனது வைத்தால் உண்டு. அடிக்கடி நடக்காது. நடக்கும் நாளில் நாம் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேடப்போவது இரண்டு வகை. ஒன்று, கரும்பழுப்பு ஆலா, ஃபிரிகேட் பறவை போன்ற கடல்வாசிகள். மற்றொன்று, வடக்கிலிருந்து வலசை வரும் வழியில் காற்றில் சிக்கிக் களைத்து இறங்கும் உள்ளான், வாத்து, தகைவிலான் கூட்டங்கள்.

ஏன் வழி மாறுகின்றன?

சிறு பறவைகள் பொதுவாக மணிக்கு 30 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வானிலைத் துறை ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தைப் ‘புயல்’ என்று அழைப்பதே காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்ட பிறகுதான். எதிர்த்துப் பறந்தாலும் பறவை பின்னால்தான் போகும். கீழே கடல் என்றால் பெரும்பாலான தரைப்பறவைகளுக்கு இறங்கவும் இடமில்லை. காற்றோடு போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இதற்குப் பறவையியலாளர்கள் அடிக்கடி சொல்லும் நிகழ்வு 1927 டிசம்பரில் நடந்தது. இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தை நோக்கிப் போன ஆள்காட்டிகள் கடும் கீழ்க்காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, அட்லாண்டிக் கடலையே தாண்டி நியூஃபவுண்ட்லாந்தில் போய் இறங்கின. அவற்றில் ஒன்றின் காலில் முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் மாட்டிய வளையம் இருந்தது.

காற்று எப்போதும் பகையும் அல்ல. நாகாலாந்திலும் மணிப்பூரிலும் தங்கிச் செல்லும் அமூர் வல்லூறுகள் நவம்பரில் வாடைக்காற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் அரபிக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகின்றன.

புயலின் எந்தப் பக்கம் இருக்கிறோம்?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் புயலின் பலத்தை மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், பலத்தைவிடப் பக்கம் முக்கியம்.

நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். அதனால் மையத்துக்கு வடக்கே காற்று கிழக்கிலிருந்து, கடலிலிருந்து கரைக்கு வீசும். தெற்கே மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலுக்கு வீசும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு வடக்கே இருந்தோம், நமக்குக் கடற்காற்று. ‘தானே’ புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடந்தபோது தெற்கே இருந்தோம். ஆகவே நாகை பக்கம் கடக்கும் என்று செய்தி வந்தால் பையை எடுத்து வைப்போம். புதுச்சேரி, மரக்காணம் என்றால் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்.

வரைபடம் கையில் இல்லையா? காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் நம் இடது கைப் பக்கம் இருக்கும்.

ஒரு விலக்கும் உண்டு. சில கடற்பறவைகள் புயலின் கண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, அது நிலத்தில் வலுவிழக்கும் இடம் வரை உடன் வரும். மையம் நம் தலைக்கு மேலே போயிருந்தால், புயல் ஓய்ந்த பிறகு எந்தக் கணக்கும் பார்க்காமல் கிளம்பலாம்.

எப்போது, எங்கே?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைத் தினமும் பார்ப்போம். புயல் வீசும்போது வீட்டில்தான் இருக்க வேண்டும். எச்சரிக்கை விலகிய மறுநாள் விடியற்காலையே நமக்கான நேரம். தெம்பு திரும்பிய பறவை காத்திருக்காது.

முதலிடம் கரைவெட்டி. கல்லங்குறிச்சிக்குத் தெற்கே நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். 454 ஹெக்டேர் சரணாலயம், புள்ளம்பாடி வாய்க்காலில் காவிரித் தண்ணீர் வரும் ஏரி. 2024 ஜனவரியில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளையும் இங்கே பார்க்கலாம். பிறகு, மழைநீர் தேங்கிய ஊர் ஏரிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருவோம்.

எவ்வளவு செலவாகும்?

பைனாகுலர் ஒன்றுதான் பெரிய செலவு. எட்டு மடங்கு பெரிதாக்கும், 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ளது போதும். ஐயாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பத்து மடங்கு வாங்க ஆசை வரும். காற்றடிக்கும்போது கை ஆடும், படம் நிற்காது. பறவையை அடையாளம் காண மெர்லின், பார்த்ததைப் பதிய இபேர்ட், இரண்டு செயலிகளும் இலவசம். தமிழில் படிக்க ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ இருக்கிறது. பைக்கில் கரைவெட்டி போய்வர ஒன்றரை லிட்டர் பெட்ரோல்.

எங்கே ஏமாறுவோம்?

ஏரிமேல் ஆலா பறந்தாலே புயல் கொண்டுவந்தது என்று துள்ள வேண்டாம். மீசை ஆலா குளிர்காலத்தில் உள்நாட்டு ஏரிகளுக்கு வழக்கமாக வருவதுதான். அதன் முதுகு வெளிர் சாம்பல். முதுகு கறுத்து, வயிறு வெளுத்திருந்தால் கவனியுங்கள். ஃபிரிகேட் பறவையைத் தொலைவில் பருந்து என்று விட்டுவிடுவோம். குறுகி நீண்ட இறக்கையும் ஆழமாகப் பிளந்த வாலும் காட்டிக்கொடுக்கும்.

எச்சரிக்கை

நம் பகுதியிலுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளங்களில் நீர் தேங்கினால் பறவை இறங்கும். நாம் இறங்கக் கூடாது. மழையில் ஊறிய விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. உள்ளே வெடி வைக்கும் இடங்களும் உண்டு.

களைத்து விழுந்த பறவையைக் கண்டால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மேலே தூக்கி எறிந்து பறக்கவிடவும் முயலாதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இனி என்ன?

பார்த்த இடம், நேரம், காற்றின் திசை மூன்றையும் குறித்து, படத்தோடு இபேர்டில் ஏற்றுவோம். ஆனால் வழக்கமாக வருவது எது என்று தெரியாமல், புதிதாக வந்ததை அடையாளம் காண முடியாது. அதனால் புயலுக்காகக் காத்திருக்காமல் வரும் ஞாயிறே ஒருமுறை கரைவெட்டிக்குப் போய் வாருங்கள்.