பழைய லொறியும் கிணற்றுத் தண்ணீரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

யாழ்ப்பாணத்தில் பழைய பெட்போர்ட் லொறி ஒன்றைக் கராஜுக்குள் விட்டால் நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். சொல்பவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள், பெற்றோலும் டீசலும் வராத ஊரில் வாகனங்களை ஓடவைத்த கைகள் அவை. அந்தத் திறமையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அன்று வேறு வழியில்லாமல் செய்த பல காரியங்கள் இன்று விதிகளாக நிலைத்துவிட்டன. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இழுவை இழந்து நிற்பதற்கு அவையும் ஒரு காரணம்.

"பழசென்றால் நடுங்கத்தான் செய்யும்."

இல்லை. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் வைத்த எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்களின் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். 3519 சிசி பெட்போர்ட் எஞ்சின் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 3000 சுற்றில் 72 குதிரைவலு தந்தது. சரியாக இருந்தால் அது இன்றும் அமைதியாகவே ஓடும். நடுங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். எஞ்சினைச் சூடாக்கி, ஆறு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராகக் கொம்பிரசன் பாருங்கள். ஒன்றில் குறைந்தால் அதற்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பவும் பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வுதான். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கஸ்கற்றைச் சந்தேகியுங்கள். இதைச் செய்யாமல் புதுச் சாமான் வாங்குவது வீண் செலவு.

"எங்கள் வெயிலுக்குத் தேமோஸ்ரற் தேவையில்லை, கழற்றி எறி."

ஊரில் அதிகம் கேட்பதும் அதிகம் கெடுப்பதும் இதுதான். எஞ்சின் கொதிப்பது உண்மை. ஆனால் குற்றவாளி வெயில் அல்ல, கிணறு. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் ரேடியேற்றருக்கு ஊற்றுவதும் நிலத்தடி நீர்தான். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப்படை சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர்வழியிலும் படிகிறது. ஒவ்வொரு முறை தண்ணீர் குறைய நிரப்பும்போதும் புதிதாகக் கொஞ்சம் சுண்ணாம்பு உள்ளே போகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் அந்தப் படை வார்ப்பிரும்பை விடப் பல மடங்கு மோசம்.

தண்ணீர்ப் பம்ப் முன்பக்கம் இருப்பதால் சேறும் துருவும் பின்பக்கம் போய்த் தங்குகின்றன. அதனால் முதலில் வேகுவது 5 ஆம், 6 ஆம் சிலிண்டர்கள். புளொக்கின் பக்கத்திலுள்ள தகட்டு மூடி ஒன்றைத் தட்டி எடுத்து உள்ளே திருப்புளியை விட்டுச் சுரண்டிப் பாருங்கள். துருநிறக் களிமண்ணும் வெள்ளைச் செதிளும் சேர்ந்து வரும். அது அங்கே இருக்கும்வரை தேமோஸ்ரற்றைக் கழற்றிப் பயனில்லை. கழற்றினாலோ காலையில் எஞ்சின் சூடேற நெடுநேரம் எடுக்கும். பெற்றோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டி ஒயிலைக் கழுவிவிடும். ரிங் தேயும், எரிபொருள் கூடச் செலவாகும். நீர்வழியைப் பின்னிருந்து முன்னாக நன்றாகக் கழுவி, நல்ல தேமோஸ்ரற் ஒன்றைப் போட்டு, துருத் தடுப்புக் கூலன்ற் கலந்த காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் மாரியில் முதல் மழையை விட்டு அடுத்த மழையில் பிடித்து வைத்த தண்ணீர் போதும். இந்த ஒரு வேலைக்குப் பிறகே மற்றதைப் பேசலாம்.

"மண்ணெண்ணெயில் இழுவை கூட."

காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தின் நினைவு இது. ஓடியது உண்மை, இழுத்தது அல்ல. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாத மிச்சம் ரிங்கைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஒக்டேன் குறைவு என்பதால் எஞ்சின் தட்டும். தட்டாமலிருக்க அக்காலத்தில் இக்னிசன் ரைமிங்கைப் பின்தள்ளி வைத்தார்கள். பெற்றோல் திரும்பி வந்தபிறகும் ரைமிங் பின்தள்ளிய இடத்திலேயே இருக்கும் வண்டியில் வலு குறையும், எக்சோஸ்ற் அளவுக்கு மீறிச் சுடும். ஸ்ரோப் விளக்கைப் பிடித்து ரைமிங்கை உரிய இடத்துக்குக் கொண்டுவர அரை மணிநேரம் போதும். காசு செலவில்லாமல் திரும்பக் கிடைக்கும் வலு அது.

"95 அடித்தால் பறக்கும்."

ஒக்டேன் என்பது தட்டாமல் தாங்கும் தன்மை. வலுவின் அளவு அல்ல. ஏறக்குறைய 6 மடங்கு மட்டுமே அமுக்கும் இந்தப் பழைய எஞ்சினுக்கு 92 தாராளம். பெரிய காபரேற்றர் போட்டால் வலு கூடும் என்ற யோசனையும் இதே கதைதான்: லொறி குறைந்த சுற்றில் இழுக்க வேண்டும், அகலமான வாயில் காற்று மெதுவாகிப் பெற்றோல் சரியாகத் தூவாது. சைலன்சரைக் கழற்றினால் சத்தம் மட்டுமே கூடும்.

"ஈயம் இல்லாத பெற்றோல் பழைய எஞ்சினைத் தின்றுவிடும்."

இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல் நின்றது. பயத்தில் பாதி உண்மை இருக்கிறது: பாரமேற்றி நெடுந்தூரம் வேகமாக ஓடினால் எக்சோஸ்ற் வால்வு இருக்கை தேய்ந்து உள்ளே இறங்கும், வால்வு இடைவெளி குறையும். ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டிக்கு அவசரமில்லை; இடைவெளியை மட்டும் தவறாமல் பார்த்து வாருங்கள். எப்படியும் ஹெட் கழற்றும் நாள் வரும். அன்று ஆறு எக்சோஸ்ற் வால்வுக்கும் கடின உலோக இருக்கை அடித்துவிடுங்கள்.