எல்லைக்கோடும் உடல்நலமும்

பொருளை வரையறுத்து, வகைப்படுத்தி, பெயரிட்டு உணர்த்துவது தமிழிலக்கண மரபு. மருத்துவமும் நோயை எண்ணால் வரையறுத்துப் பெயரிடுகிறது. அவ்வரையறை மாறுமிடத்து, உடல் மாறாமலே ஒருவர் வேறு வகையினர் ஆகிவிடுகிறார். முன்நீரிழிவு இதற்குத் தக்க சான்றாகும். அதனை ஈண்டு நோக்குவோம்.

எண்களும் எல்லைகளும்

முன்நீரிழிவாவது, இரத்தச் சர்க்கரை இயல்பளவைக் கடந்தும் நீரிழிவின் அளவை எட்டாத இடைநிலை. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு என்பதில் உலக நலவாழ்வு நிறுவனமும் அமெரிக்க நீரிழிவுக் கழகமும் ஒன்றுபடுகின்றன. இடைநிலை எங்குத் தொடங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. முன்னது 110 என்கிறது. பின்னதோ 2003ஆம் ஆண்டில் தன் எல்லையை 110இலிருந்து 100ஆகக் குறைத்தது. ஆகவே 104 உடைய ஒருவர் ஓர் அளவுகோலால் இயல்பினர். மற்றோர் அளவுகோலால் முன்நீரிழிவினர்.

75 கிராம் குளுக்கோஸ் கரைசலைப் பருகி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனையில் 140 முதல் 199 வரை இடைநிலை என்பது இரு அமைப்புகளுக்கும் உடன்பாடு. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையில் 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இடைநிலை என்பது அமெரிக்கக் கழகத்தின் வரையறை. இரத்தசோகை இவ்வளவைத் திரித்துக் காட்டக்கூடும். எனவே ஒரு சோதனையில் இயல்பினர் எனப்படுபவர் மற்றொன்றில் முன்நீரிழிவினர் ஆதலும் உண்டு.

வகைப்பாடும் ஆபத்தும்

எல்லையைத் தாழ்த்தினால் மிகப்பலர் வகைக்குள் வருவர். அவருள் ஆபத்துக் குறைந்தோரும் வீணே அஞ்சுவர். உயர்த்தினால், எச்சரிக்கை பெறவேண்டிய சிலர் விடுபடுவர். உண்மையில் ஆபத்து என்பது படிக்கட்டன்று, சரிவு. 99க்கும் 100க்கும் இடையே பள்ளம் ஏதுமில்லை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவினர், 13.6 கோடிப் பேர் முன்நீரிழிவினர் என மதிப்பிட்டது. இது உலக நலவாழ்வு நிறுவன அளவுகோலின்படி அமைந்த கணக்கு. தாழ்ந்த எல்லையைக் கொண்டால் இத்தொகை மேலும் பெருகும்.

எனினும் பெயர் விதியன்று. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மணி நேரச் சோதனையால் இடைநிலையினர் எனக் கண்டறியப்பட்ட 531 பேர் இடம்பெற்றனர். மூன்றாண்டுகளில் பொது அறிவுரை மட்டும் பெற்றோருள் 55 விழுக்காட்டினர் நீரிழிவினர் ஆயினர். உணவையும் உடலுழைப்பையும் நெறிப்படுத்தியோருள் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது.

முடிவுரை

சோதனைத் தாளைப் பெறுவோர் எண்ணை மட்டும் நோக்காது, எச்சோதனை, எவர் அளவுகோல் என வினவுதல் வேண்டும். குடும்ப வரலாறு, இடுப்பளவு, கருவுற்ற காலத்து நீரிழிவு ஆகியவற்றையும் மருத்துவரிடம் கூறி, ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளல் நன்று. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் அளவறிந்து உண்ணலை வலியுறுத்துகிறார். இஸ்லாமும் உணவில் மிகையை விலக்குகிறது. கோடு எங்கு வரையப்பட்டாலும், அதன் இருபுறத்தாருக்கும் இவ்வறம் பொதுவேயாகும்.