பழைய வீடுகளில் ஏறும் ஓதமும் மழைநீர் வடிகாலும்

ஆர்.கே.பேட்டை, திருத்தணிப் பகுதிகளில் செங்கல்லும் சுண்ணாம்பும், அல்லது கல்லும் மண்சாந்தும் கொண்டு கட்டப்பெற்ற பழைய வீடுகள் இன்றும் குடியிருப்பாக உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் இவற்றின் அடிச்சுவர் ஈரித்து, உப்புப் பூத்து, பூச்சு உதிர்வதைக் காணலாம். இது பார்வைக்கு மட்டும் குறையன்று. ஈரமேறிய மண்சாந்து வலுவிழந்து சுவர் சாயக்கூடும்; மரச்சட்டங்களைக் கறையான் பற்றும்; சுவரோரம் அடுக்கிய வேர்க்கடலை விதையில் பூஞ்சணம் பிடித்து முளைப்புத்திறன் கெடும்; குழித்தறி உள்ள வீடுகளில் குழியில் நீரூறி நெசவும் நின்றுபோகும்.

காரணம் அறியும் முறை: ஈரத்தின் மேல் எல்லையைக் கரியால் கோடிட்டு, மழைக்காலத்திலும் கோடையிலும் ஒப்பிடுக. கோடையிலும் குறையாவிடில், தரையிலிருந்தோ அங்கணத்துக் கசிவிலிருந்தோ நீர் ஏறுகிறதென்று கொள்க. மழையில் மட்டும் உயருமாயின், வெளிநீர் சுவரடியில் தேங்குவதே காரணம். மேலிருந்து கறை இறங்கினால் கூரையைச் செப்பனிடுதல் வேண்டும்.

கூரைநீரை விலக்கல்: 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்யின், ஏறக்குறைய 2,360 லிட்டர் நீர் இறங்கும். இது சுவரடியில் விழலாகாது. தகரத் தூம்பு வைத்து அப்பால் விடுக. 2003-ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்புத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குரிய குழியைச் சுவருக்கு 10 அடியேனும் அப்பால் தோண்டுவது நலம்.

தரைமட்டமும் வாய்க்காலும்: சுவரோரம் குவிந்த மண்ணையும் எருவையும் அகற்றி, முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் தாழுமாறு நிலத்தைச் சரிவாக்குக. அதன் கோடியில் 8 அடிக்கு 1 அங்குல வாட்டத்தில் வாய்க்கால் அமைத்துத் தோட்டத்திற்கோ பொது வடிகாலுக்கோ விடுக. சுவரையொட்டி அஸ்திவாரத்திற்குக் கீழே ஒருபோதும் தோண்டலாகாது.

பூச்சு: உப்புப் பூத்த சுவர்மீது சிமிட்டி பூசுவோர் பலர். சிமிட்டி ஈரத்தை வெளிவிடாது தடுப்பதால், அது இன்னும் மேலேறும். முதலில் நீரை விலக்கி, ஒரு கோடை முழுவதும் சுவரை உலரவிடுக. பின்னர், கறைக்கு 1 அடி மேல் வரை பழம்பூச்சைச் சுரண்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசுக. விதை மூட்டைகளைப் பலகை மீது, சுவரினின்று 1 அடி தள்ளி அடுக்குக.

கிராம அதிகாரிகளுக்கு: தெருவை மேலும் மேலும் உயர்த்திப் போடுவதால் பழைய வீடுகள் பள்ளத்தில் அமிழ்கின்றன. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டியெடுத்த பின்னரே புதிது போடவேண்டுமென 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். இதனை ஊராட்சியார் கவனித்தல் அவசியம். தெருவடிகால் தூர்ந்திருப்பின், வீட்டுக்காரர் செய்த செலவு யாவும் வீணாகும். ஆகையால் இருதரத்தாரும் புரட்டாசிக்கு முன்பே இவ்வேலைகளை முடித்துக்கொள்வார்களாக.