சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்னது யார்?

தொழில்மயம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு மான்செஸ்டர் புகைபோக்கியும் நீராவி எந்திரமும்தான் நினைவுக்கு வரும். தேர்வுக்கு அது போதும். கிள்ளானில் சரித்திரம் கற்பிக்கும் எனக்கு அது போதவில்லை. எங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள தாமான்களில் (குடியிருப்புகளில்) பல, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். வெள்ளீயத்தை ஏற்றிச் செல்ல 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் வட்டாரத்துக்கும் இடையே ரயில் வந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பணிமனையும் ஊழியர் வீடுகளும் எழுந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுந்த ஆலைகளுக்கு வேண்டிய பொருள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் போனது.

இதை மாணவர்கள் உணர வேண்டும் என்பதற்காகவே தமிழ்மொழிக் கழக நேரத்தில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களை வைத்து மாதிரி நீதிமன்றம் நடத்திவருகிறேன். அதில் கற்றவற்றை மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வழக்கை ஊருக்குள்ளேயே தேடுங்கள்

நான் எடுத்துக்கொண்டது 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். போர்க்காலம், ரப்பருக்கு உலகெங்கும் கிராக்கி. தோட்டத்தில் ஓர் ஆணின் நாட்கூலி ஏறக்குறைய 50 காசு, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. இதே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால் தொழிலாளர் திரண்டார்கள். அதன் தலைவர்களில் ஒருவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். மே மாதத் தொடக்கத்தில் அவர் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். தோட்டங்கள் கொதித்தன. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

முதல் வகுப்பில் கோரிக்கைப் பட்டியலை மட்டுமே மாணவர் கையில் கொடுப்பேன். சம கூலி வேண்டும்; பிள்ளைகளுக்கு முறையான பள்ளி வேண்டும்; கள்ளுக்கடையை மூட வேண்டும்; பெண்களிடம் அத்துமீறக் கூடாது; காந்தி குல்லாய் அணிய அனுமதி வேண்டும்; துரையை, அதாவது வெள்ளைக்கார மேலாளரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும். கூலி ஒரு வரி, மற்றதெல்லாம் மானம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

குற்றச்சாட்டைக் குறுக்குங்கள்

‘தொழில்மயம் நல்லதா கெட்டதா’ என்பது பட்டிமன்றத் தலைப்பு. வழக்குக்கு நறுக்கென்று ஒரு குற்றச்சாட்டு வேண்டும். எங்களுடையது இது: ‘தோட்ட நிர்வாகம் உழைப்புக்கேற்ற கூலியையும் மனிதருக்குரிய மரியாதையையும் மறுத்தது.’ நிர்வாகத்துக்கு ஒரு கற்பனைப் பெயர் வைத்துவிடுவோம். மலேசியாவில் 1995இல் ஜூரி முறை நீக்கப்பட்டுவிட்டதால் மூன்று மாணவர்களை நீதிபதிகளாக அமர்த்துவேன். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்ய வேண்டும். தோட்டத்தில் பிறந்த தாத்தாவின் பேரன் நிர்வாகத்துக்காக வாதாட நேரும்போதுதான் அவன் உண்மையாகவே படிக்கத் தொடங்குகிறான்.

எதிர்த்தரப்பைப் பலவீனமாக விடாதீர்கள்

நிர்வாகத் தரப்பு தோற்பதற்கென்றே நின்றால் அது நாடகம், விசாரணை ஆகாது. அவர்கள் கையில் நான் கொடுக்கும் ஆவணங்கள் வலுவானவை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்து தோட்டங்கள் தள்ளாடின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியும் தொழிலாளர் குடியிருந்த லயன் (வரிசை) வீடும் நிர்வாகத்தின் செலவு. இவற்றை எடுத்துவைத்து ஒரு மாணவி தெளிவாக வாதாடியபோது, குற்றம் சாட்டும் அரசுத் தரப்பு திணறிப்போனது. அடுத்த வாரம் அவர்கள் இரட்டிப்புத் தயாரிப்போடு வந்தார்கள்: விலை சரிந்தபோது கூலியைக் குறைத்தீர்கள், போரில் விலை ஏறியபோது ஏன் அதே வேகத்தில் கூட்டவில்லை?

சான்று தேடச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு நல்ல இடம். 1941 மே மாத ஆங்கில நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். செய்தியை எழுதியவர் யார் பக்கம் நின்று எழுதினார் என்று ஓரத்தில் குறித்துவரச் சொல்லுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு), பால்வெட்டு, ஸ்டோர் பற்றிக் கேட்டு வரட்டும்.

கங்காணியைக் கூண்டில் ஏற்றுங்கள்

என் அனுபவத்தில் மிகச் சிறந்த சாட்சி கங்காணிதான். அவரும் தமிழர். ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்தவர், அந்த ஆட்களை வைத்தே பிழைத்தவர். துரைக்குக் கீழே, தொழிலாளிக்கு மேலே. இரு தரப்பும் அவரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, ‘வெள்ளைக்காரன் கெட்டவன், நம்மவர் நல்லவர்’ என்ற சுலபமான கதை நிற்பதில்லை. அதிகாரம் எப்படிப் படிப்படியாக இறங்கி வருகிறது என்பது மாணவர்களுக்குப் புரிகிறது.

ஒரு பொருள் மேசைமேல் இருக்கட்டும்

நாங்கள் வகுப்புக்குள் ஒரு பழைய சைக்கிளை நிறுத்துவோம். ஒருமுறை அரசுத் தரப்பு மாணவி அதன் டயரைத் தொட்டுக் காட்டித் துரையிடம் கேட்டாள்: “தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நடந்தால் மரத்தில் பால் கூடுதலாக வருமா?”

“அது ஒழுங்கு சம்பந்தப்பட்டது.”

“இந்த டயருக்குப் பால் வெட்டியவர் அதில் ஏறிப் போவது எந்த ஒழுங்கைக் கெடுக்கும்?”

துரையாக நின்ற மாணவனிடம் பதில் இல்லை. அந்த இடத்தில் நான் பாடத்தை விரித்தேன். 1880களின் இறுதியில் பெல்பாஸ்ட்டில் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார். 1908இல் போர்டின் ‘மாடல் டி’ கார் வந்தது. டயருக்கு ரப்பர், ரப்பருக்கு மலாயா, மலாயாவுக்குத் தமிழகத்துக் கூலிகள். டயரைத் தொட்டுக்கொண்டே படித்ததை அவர்கள் மறக்கவில்லை.

எதை நடிக்கக் கூடாது

துப்பாக்கிச் சூட்டையும் பெண்களுக்கு நேர்ந்ததையும் நடித்துக் காட்ட வேண்டாம். எழுத்து வாக்குமூலமாக வாசிக்கட்டும். இழிவான சொற்களுக்கும் தடை. விசாரணை முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் சொந்தப் பெயரில் பேச நேரம் ஒதுக்குங்கள். துரையாக நின்ற பிள்ளை அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

தீர்ப்பைவிடக் காரணம் முக்கியம்

யார் வென்றார்கள் என்பதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. நீதிபதிகள் மட்டுமின்றி வகுப்பே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்: இதனால் லாபம் யாருக்கு? கட்டளை யாருடையது? மறுத்திருக்கக் கூடியவர் யார்? லண்டன் பங்குதாரர், தொழிலாளர் துறை அதிகாரி, தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், கங்காணி என்று பொறுப்பு பலர்மீது பங்கிடப்பட்டிருப்பதை அந்தப் பதில்களில் காண்கிறேன்.

இந்த மூன்று கேள்விகளும் 1941ஓடு நிற்பதில்லை. 2020இல் கிள்ளான் மேரு பகுதியின் ரப்பர் கையுறை ஆலைத் தொழிலாளரிடையே கோவிட் பரவியபோது, நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களின் நெருக்கடியான தங்குமிடங்கள் செய்தியாயின. அதே ஊர், அதே ரப்பர்; ஆட்கள்தான் வேறு. அந்தச் செய்தியை வகுப்பில் வைத்தபோது, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே மாணவர்கள் அதே மூன்று கேள்விகளைக் கேட்டார்கள். தங்கள் பாட்டன்மாருக்காகக் கேட்ட நியாயத்தை, மொழி தெரியாத அயலாருக்காகவும் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். சரித்திரப் பாடத்திடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். நாள்களும் பெயர்களும் தேர்வோடு மறந்துபோகலாம். இந்தப் பழக்கம் மறக்கக் கூடாது.