பொருள் பேணலும் விடுத்தலும்
(மைன்கிராஃப்ட் விளையாட்டு வழி ஒரு பாடம்)

நம் இல்லச் சிறுவர் விரும்பி ஆடும் கணினி விளையாட்டுகளுள் மைன்கிராஃப்ட் என்பதும் ஒன்று. சுவீடன் நாட்டு மொஜாங் நிறுவனம் உருவாக்கிய இது, 2011 நவம்பர் 18-இல் முழு வடிவில் வெளிவந்தது. நிலத்தை அகழ்ந்து, கிடைத்தவற்றால் வீடு கட்டிப் பயிர் செய்து வாழ்தலே இவ்விளையாட்டு. தேடிய பொருளுள் எதனைக் கொள்வது, எதனை விடுவது என்பதை ஈண்டுக் காண்போம்.

பையின் அளவு

ஆடுபவரது பையில் 36 கட்டங்கள் உள்ளன. அவற்றுள் 9, உடனே எடுத்தாளும் வரிசை. எஞ்சிய 27, உள்ளறை. கல், மண், மரம் முதலியன ஒரு கட்டத்தில் 64 வரை அடுங்கும். பனியுருண்டை 16 அடுங்கும். குந்தாலி, வாள் போன்ற கருவிகளோ கட்டத்திற்கு ஒன்றே.

சுரங்கத்தில் பாறையை உடைக்குந்தோறும் உடைகல் தானே பையில் வந்து சேரும். கட்டங்கள் யாவும் நிறைந்தபின், புதிதாய்க் கண்ட வைரம் காலடியில் கிடப்பினும் பை அதனை ஏற்காது. மதிப்பற்றது இடம் கொள்ள, மதிப்புடையது வெளியே நிற்கும்.

இழப்பின் இயல்பு

ஆட்டத்தில் உயிர் நீங்கின், பொதுவாகப் பையிலுள்ள அனைத்தும் வீழ்ந்த இடத்திலேயே சிதறும். சிதறியவை 5 நிமிடத்தில் மறையும். ஆடுபவர் நெடுந்தொலைவில் இருக்கையில் அக்காலம் ஓடாது, அணுகியபின் ஓடும். தீக்குழம்பில் வீழ்ந்தவையோ பெரும்பாலும் அப்பொழுதே அழியும்.

எம் இல்லத்துச் சிறுவன் ஒருவன், தேடிய வைரங்களைப் பெட்டியில் வையாது, 'இன்னும் சற்றுத் தோண்டி வருவோம்' எனச் சுமந்தே திரிந்து, தீக்குழம்பில் அனைத்தையும் இழந்தான். அன்றிரவு அவன் உணவு கொள்ளவில்லை. 'விளையாட்டுத்தானே' என்றோம், அச்சொல் ஆறுதலாகவில்லை. அவனுக்கு அது பல நாள் உழைப்பு. பின்னர் அவனோடு அமர்ந்து கற்றவையே கீழ்வரும் நால்வகை முறைகள்.

நால்வகை முறைகள்

1. சேமித்தல்: ஒரு பெட்டி 27 கட்டங்கள் கொள்ளும், இரண்டை அடுத்தடுத்து வைப்பின் 54. கல், மரம், உணவு, உலோகம் எனப் பெட்டிகளை வகைப்படுத்துக. சுரங்கம் புகுமுன் அரும்பொருளை இங்கு வைத்துச் செல்க.

2. சுருக்குதல்: 9 இரும்புப் பாளங்களை ஒரு கட்டியாக்கலாம். 64 கட்டிகள் ஒரே கட்டத்தில் அடங்கும். அவை 576 பாளங்களுக்குச் சமம். வேண்டும்போது குறைவின்றி மீண்டும் பாளமாக்கலாம்.

3. பயன்மாற்றுதல்: மிகுந்த கோதுமையை ஊரிலுள்ள உழவரிடம் கொடுத்து மரகதம் பெறலாம், 20 கோதுமைக்கு 1 மரகதம் என்பது வழக்கமான விலை. எஞ்சிய விதைகளையும் இலைகளையும், 2019-இல் சேர்க்கப்பட்ட எருத்தொட்டியில் இட்டு உரமாக்கலாம்.

4. விடுத்தல்: தீக்குழம்பை அடைக்கவும் பள்ளத்தைக் கடக்கவும் ஓரடுக்கு உடைகல் போதும். மிகுதியைச் சுரங்கத்திலேயே விடுக. 'பின்னர் உதவும்' என்ற எண்ணமே பையை நிறைப்பது. உடைகல் எங்கும் கிடைக்கும். ஆகலின் அதனை விடுவதால் இழப்பில்லை.

பெற்றோர்க்கு

பிள்ளை ஆடும்போது சிறிது நேரம் உடனிருந்து, 'இப்பொருள் உன் பையில் ஏன் உள்ளது?' என ஒவ்வொன்றாக வினவுக. விடை கூற இயலாத பொருள், விடத்தக்க பொருள். எம் சிறுவன் இன்று புறப்படுமுன் தானே பையைத் திறந்து பார்க்கின்றான். எதனை எடுப்பது என்பதினும் எதனை வைத்துச் செல்வது என்பதையே முதலில் எண்ணுகின்றான்.

பயிற்சி வினாக்கள்

1. பையிலும் இரட்டைப் பெட்டியிலும் உள்ள கட்டங்கள் எத்தனை?
2. பை நிறைந்திருப்பது செல்வமன்று, ஏன்?
3. சுரங்கம் புகுமுன் எவற்றை வீட்டில் வைத்துச் செல்வாய்?